பெயர் தெரியாத பூச்சிக்கும் பதிவேட்டில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசியோடு வயல் வரப்பில் இறங்கி, பூச்சி, சிலந்தி, நண்டு, நத்தை எல்லாவற்றையும் படம் பிடித்துப் பதிவேற்றும் கணக்கெடுப்புகள் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கும்போதே மனம் நிறைகிறது. நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்து வயல்களில் பூச்சிக் கண்காணிப்பிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியின் பசுமைப் படைப் பிள்ளைகள் கூப்பிடும்போதெல்லாம் கூடப்போய்த் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம். செய்திகளில் எல்லாம் தலைப்பாக வருவது, இத்தனை வகை உயிரினங்கள் கண்டறியப்பட்டன என்ற எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற சம்பாப் பட்டத்தில் ஓர் அமைப்பு மாணவர்களுக்குப் பதிவுப் போட்டி ஒன்று நடத்தியது. எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தாழ்வாரத்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து சுவரில் உட்கார்ந்த பச்சைத் தத்துப்பூச்சி ஒன்றைப் படமெடுத்தாள். இறக்கை தெளிவாக இருந்தது, தலை நிழலில் மங்கிவிட்டது. “சார், தலை சரியா விழல. எந்த வகைன்னு எப்படி சார் போடுறது?” என்று கேட்டாள். எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வி வருவது பெரிய விஷயம். பேரினத்தோடு, அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதியோடு, நிறுத்திக்கொள்ளம்மா என்றேன். நெஃபோடெட்டிக்ஸ் என்று மட்டும் எழுதினாள். வேறொரு பள்ளி மாணவன் இதே மாதிரிப் பூச்சிக்கு, படம் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி முதலில் நீட்டிய பெயரைத் தொட்டுவிட்டான். அது சிக்கடெல்லா விரிடிஸ் என்ற, ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளில் சாதாரணமாகத் திரியும் பூச்சி. அவன் நண்பன் ‘சரி’ என்று ஒப்புதல் கொடுத்தான். போட்டிக் கணக்கில் அவனுக்கு ஒரு வகை ஏறியது. இவள் பதிவு கணக்கிலேயே சேரவில்லை. சிற்றினம் வரை போகாத பதிவை எண்ண மாட்டார்களாம்.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. செயலி கொடுத்ததை எடுத்துக்கொண்டான். பெயர் போட்டால்தான் மதிப்பெண் என்று விதி வைத்தவர்கள் மேல்தான் வருத்தம். உண்மையாக எழுதிய பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஊகித்தவனுக்குப் பரிசு என்றால் அடுத்த பட்டத்தில் இவளும் ஊகிக்கத்தானே கற்றுக்கொள்வாள்?

இந்தப் பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நெல் வயலில் நெஃபோடெட்டிக்ஸ் பேரினத்தில் வைரசென்ஸ், நைக்ரோபிக்டஸ் என்று முக்கியமாக இரண்டு உண்டு. இரண்டும் நாலைந்து மில்லிமீட்டர் நீளம், இரண்டும் பச்சை, ஆண்களின் இறக்கையில் பெரும்பாலும் கறுப்புப் பொட்டு. தலையின் முன்விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கறுப்புப் பட்டை நைக்ரோபிக்டஸில் இருக்கும், வைரசென்ஸில் இராது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் நொடியில் தெரியும். தலை மங்கிய படத்தை எத்தனை பெரிதாக்கினாலும் தெரியாது. நெல்லைத் தாக்கும் துங்ரோ என்ற வைரஸ் நோயைப் பரப்புவதில் வைரசென்ஸ்தான் முதன்மையானது என்பதால், எது எங்கே அதிகம் வருகிறது என்ற கணக்கு விவசாயிக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. ஐரோப்பியப் பெயர் ஏறிய பதிவால் யாருக்கு என்ன பயன்? சிக்கடெல்லா இதைவிட நீளமான பூச்சி. பக்கத்தில் அளவுக்கு ஒரு கிராஃப் தாள் இருந்திருந்தால் அந்த மாணவனே அதைக் கண்டுபிடித்திருப்பான்.

செயலியைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் சாதாரண மக்களின் கண்ணை ஆய்வுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. நம் நாட்டிலேயே இந்தியப் பல்லுயிர்த் தளமும் இருக்கிறது. ஆனால் படம் பார்த்துப் பெயர் சொல்லும் கணினி, தனக்குப் போதுமான படங்கள் கொடுத்துப் பழக்கப்பட்ட உயிரினங்களை மட்டுமே அறியும். ஐரோப்பாவின் தத்துப்பூச்சிக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. வெண்ணாற்றுப் பாசன வயலின் தத்துப்பூச்சிக்கு? பழகாத பூச்சியைப் பார்த்தால் பழகியதில் நெருக்கமானதை அது நீட்டுகிறது. அக்கம்பக்கத்தில் இது பதிவாகியிருக்கிறதா என்று ஒரு குறிப்பையும் கூடவே காட்டும். பிள்ளைகள் முதலில் பார்க்கப் பழக வேண்டியது அந்தக் குறிப்பைத்தான். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. தவறான பதிவு ஒன்று ஏறி நிலைத்துவிட்டால், அடுத்த ஊர்ப் பிள்ளைக்கு ‘அருகில் பார்க்கப்பட்டது’ என்று அதுவே சான்றாகி நிற்கும்.

நிலைத்துவிடுவது எளிது. தேதி, இடம், படம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தைச் சொன்னால் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெற்றுவிடும். பதிந்தவரும் இன்னொருவரும் ஒத்துப்போனாலே போதும். அந்தப் பதிவுகள் உலகப் பல்லுயிர்த் தரவுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்கின்றன. எங்கோ ஓர் ஆய்வாளர் அதை எடுத்து வரைபடம் போடுவார். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு நண்பர்கள் மாறி மாறி ஒப்புதல் கொடுத்துக்கொள்வது நட்புக்கு நல்லது. தரவுக்கு நல்லதில்லை. தானே பார்த்து, எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறோம் என்று ஒரு வரி எழுத முடிந்தால் மட்டுமே ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் வைத்திருக்கிறோம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பேரினத்தோடு நின்ற பதிவும் ஆய்வுத் தரம் பெறலாம். ‘இந்தப் படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது’ என்று குறிப்பதற்கு அந்தத் தளத்திலேயே வசதி இருக்கிறது. ஆக, நெஃபோடெட்டிக்ஸ் என்று நிறுத்திய பிள்ளையின் பதிவு முழுமையான பதிவுதான். உலகத் தளம் ஏற்றுக்கொள்வதை நம் மாவட்டப் போட்டி தள்ளுவது என்ன நியாயம்?

பூச்சியின் முதுகைப் படமெடுத்துவிட்டுப் பெயர் கேட்பது, கூட்டத்தில் ஒருவர் முதுகைக் காட்டி இவர் எந்த ஊர் என்று கேட்பது போலத்தான். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும் இடம் வேறு. பால் பிடிக்கும் பருவத்தில் வரும் கதிர் நாவாய்ப்பூச்சியில் லெப்டோகோரிசா அக்யூட்டா, ஒரட்டோரியஸ் என்று இரண்டு. மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். திருப்பி வயிற்றின் அடிப்பக்கம் பார்த்தால் ஓரங்களில் கரும்புள்ளி வரிசை ஒரட்டோரியஸில் இருக்கும், மற்றதில் இராது. வரப்போரப் புல்லில் நிறைந்திருக்கும் குட்டி ஊசித்தட்டான் அக்ரியோக்னெமிஸ் பிக்மேயாவில் பெண் சிவப்பாகவும் இருக்கும், பச்சையாகவும் இருக்கும். நிறத்தை நம்பினால் ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவோம். குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சிக்கு மஞ்சள் இறக்கையில் ஒற்றைக் கரும்புள்ளி பளிச்சென்று தெரியும். ஆண் சிறியது, வெளிறியது, புள்ளி தெளிவில்லாதது. பெரும்பாலான சிலந்திகளில் வளர்ந்த பெண்ணின் வயிற்றடி உறுப்பைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். குஞ்சாக இருந்தால் எந்த நிபுணரும் சிற்றினம் சொல்லத் தயங்குவார். வயல் நண்டில் ஆணின் வயிற்று மடலைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அங்கே இருக்கும் முதல் இணை உறுப்பின் வடிவம்தான் சாட்சி. பெண் நண்டு கிடைத்தால் பெயரைப் பாதியில் நிறுத்துவதே முறை.

நத்தைக்கு வேறு வழி. நம் குளத்திலும் வாய்க்காலிலும் இருக்கும் பைலா நத்தை, கரையோர ஈர மண்ணில் குழி பறித்து வெள்ளை முட்டைகளை இடும். அதன் மூடி சுண்ணாம்புபோல் கெட்டியாக இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுபோகப்பட்டு, அங்கெல்லாம் நாற்றை மொட்டையடித்த பொமேசியா கனாலிகுலேட்டா நத்தை, தண்ணீருக்கு மேலே தண்டிலும் கல்லிலும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை ஒட்டி வைக்கும். அதன் மூடி வளையும் தன்மையுடையது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருப்பது அது. ஓடு மட்டும் தெரியும்படி படமெடுத்தால் குழப்பம் வரும். அந்த நத்தை ஒருநாள் நம் வாய்க்காலில் தலைகாட்டினால் முதலில் பார்க்கப்போவது ஒரு பள்ளிப் பிள்ளையாகத்தான் இருக்கும். அந்தப் பதிவை யாரேனும் நம்ப வேண்டும் என்றால், அதுவரை போட்ட பதிவுகள் நம்பும்படி இருந்திருக்க வேண்டும்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் இப்போது பிள்ளைகளோடு நிற்கவில்லை. விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் நடக்கிறது. தூரில் பச்சையாக ஏதோ ஓடுகிறது என்று ஒருவர் மங்கலான படம் போடுவார். நெல் தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியைச் சொல்லி, ‘புகையான்தான், உடனே மருந்து அடிங்க’ என்பார் இன்னொருவர். உண்மையில் அது மிரிட் நாவாய்ப்பூச்சியாக இருக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும் பச்சைப் பூச்சி, புகையானின் முட்டையையும் குஞ்சையும் உறிஞ்சியே உயிர்வாழ்வது. புகையான் இருக்கும் தூரில்தான் அதுவும் இருக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம். மருந்தை அடித்தால் முதலில் சாவது மிரிட்டும் ஓநாய்ச் சிலந்தியும். இலையுறைக்குள் வைத்த முட்டை தப்பி, எதிரியில்லாத வயலில் புகையான் மறுபடி பெருகும். மருந்தடித்த பிறகு புகையான் கூடுவது நெல் ஆராய்ச்சியில் நன்றாகப் பதிவான விஷயம். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டி, தூரைத் தட்டி எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியாமல் மருந்து மூட்டையை அவிழ்க்கிறோம். கத்தரித் தோட்டத்தில் இலையைச் சுரண்டும் எபிலாக்னா வண்டும் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் இதே கதைதான். எபிலாக்னா மெல்லிய ரோமத்தோடு மங்கலாக இருக்கும், நல்ல பொறிவண்டு எண்ணெய் தடவினாற்போல் மின்னும். வண்டை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிள்ளை, அப்பாவின் கையில் இருக்கும் தெளிப்பானை நிறுத்தும். இதற்காகத்தான் இந்தக் கணக்கெடுப்புகள் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று துடிக்கிறேன்.

பெரிய படிப்பாளிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அக்காலத்தில் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த நம் தரங்கம்பாடியே போதும். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் மருத்துவராக அங்கே வந்தார். பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதிய டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் அங்கே இருந்தார். இவர்களைப் போன்றவர்கள் அனுப்பிய மாதிரிகளை வைத்து டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் ஏராளமான உயிர்களுக்குப் பெயரிட்டார். 1798இல் அவர் ஒரு சேற்று நண்டுக்குத் தரங்கம்பாடியின் பெயரையே வைத்தார். அதுதான் இன்றைய சில்லா ட்ராங்குபாரிக்கா. உலகத்துச் சேற்று நண்டுகள் எல்லாம் ஒன்றா, பலவா என்ற வழக்கு நீண்டகாலம் நடந்து, 1998இல்தான் நான்கு சிற்றினங்கள் என்று தீர்ந்தது. நம் கரையில் பெரிதாக வளர்வதை ட்ராங்குபாரிக்கா என்றும் சிறியதைச் செர்ராட்டா என்றும் பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது பெரியதுதான் செர்ராட்டா என்றும், சிறியது ஒலிவேசியா என்றும் தெரிந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் கழிமுகத்து நண்டுக்காரர்களுக்கு இரண்டும் வேறு வேறு என்பது எப்போதும் தெரியும். கொடுக்குக் காலின் மணிக்கட்டில் வெளிப்புறம் இரண்டு கூர்முள் இருந்தால் செர்ராட்டா. ஒலிவேசியாவில் கூர்முள் இல்லாமல் மழுங்கிய மேடுதான் இருக்கும், நெற்றிப் பற்களும் தாழ்ந்து உருண்டிருக்கும். ஒலிவேசியா சிறிய அளவிலேயே பருவமடைந்துவிடும். எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று விதி செய்வதற்கும், சீர்காழிப் பக்கம் தொடுவாயில் இருப்பதுபோல் குஞ்சு பொரிப்பகம் நடத்துவதற்கும் பெயர் சரியாக இருந்தாக வேண்டும்.

இந்தக் குழப்பங்களைத் தீர்க்க முடிந்ததே, நண்டையே எடுத்துச் சோதிக்க முடிந்ததால்தான். இருநூறு ஆண்டுக்கு முன் அனுப்பிய தரங்கம்பாடி மாதிரிகளில் சில இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். படத்தை மட்டும் வைத்திருக்கும் நாம் எதை எடுத்துப் பார்ப்பது? பூச்சியைப் பிடித்துக் கொல்லச் சொல்லவில்லை. தெருவிளக்கின் அடியில் காலையில் எத்தனையோ செத்துக் கிடக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அவற்றைக் காலி மருந்துக் குப்பியில் போட்டு, தேதி, ஊர், விளக்கு இருக்கும் இடம், எடுத்தவர் பெயர் நான்கையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிடுகிறார்கள். அந்துருண்டை போட்டு மூடாவிட்டால் எறும்பு ஒரே இரவில் காலி செய்துவிடும். படத்தின் பதிவு எண்ணையும் அந்தச் சீட்டில் எழுதிவிட்டால், பின்னால் தெரிந்தவர் வந்து கைலென்ஸில் பார்த்துப் பெயரை உறுதி செய்யலாம், திருத்தலாம்.

அந்தத் தெரிந்தவர்கள் தூரத்தில் இல்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இங்கேயே இருக்கிறது. ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, மயிலாடுதுறையிலும் மன்னார்குடியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நண்டுக்கும் சிப்பிக்கும் கொள்ளிடத்தைத் தாண்டினால் பரங்கிப்பேட்டையின் கடல் உயிரியல் மையம். இவர்களில் யாராவது டெல்டாவில் ஒன்றுபோல் இருக்கும் பூச்சி, நண்டு, நத்தைகளுக்கு, எந்தப் பக்கம் படமெடுக்க வேண்டும், எது வரை பெயர் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தமிழில் ஒரு சிறு கையேடு போட்டுத் தந்தால் பெரிய உதவி. மாதம் ஒரு நாள் ஒரு பூச்சியியல் ஆசிரியர் ஏதாவது ஒரு பள்ளிக்கு வந்து குப்பிகளைப் பார்த்துச் சொன்னாலும் போதும்.

போட்டி நடத்துவோருக்கு ஒரே வேண்டுகோள். வகைகளை எண்ணுவதை விட்டுவிடுங்கள். அடையாள உறுப்பு தெரியும்படி எடுத்த படத்துக்கும், பேரினத்தோடு நிறுத்தி அதற்குக் காரணம் எழுதிய பதிவுக்கும், தன் பெயரைத் தானே திருத்திக்கொண்ட பதிவுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

தங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். செய்தி போடும்போது, இத்தனை பதிவுகளில் இத்தனை சிற்றினம் வரை உறுதியானது, இத்தனை பேரினத்தோடு நிற்கிறது என்று இரண்டு எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால், மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, அந்தந்த வாரம் வயலில் இருக்கும் ஒரு ஜோடியை, மிரிட்டும் புகையானும், எபிலாக்னாவும் பொறிவண்டும், வித்தியாசம் தெரியும்படி படத்தோடு போட முடியுமா? படங்களையும் குறிப்பையும் திரட்டித் தர நானும் எங்கள் பிள்ளைகளும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர்,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.